பழைய சர்வரை ஓட்டுவதா, ஓய்வு கொடுப்பதா? நீலகிரி டெஸ்ட் லேப்களுக்கான கேள்வி-பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கல்லூரிகளிலும் சிறு மென்பொருள் அலுவலகங்களிலும் டெஸ்ட் லேப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் ஏழெட்டு வருடம் ஓடிய, செகண்ட்ஸில் மலையேறி வந்த சர்வர்கள். அவற்றின் கையேடுகள் சமவெளியில் ஏசி போட்ட அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மலையில் சில கணக்குகள் மாறும். கேள்விகளைக் கேட்டபடியே போட்டிருக்கிறோம்.

1. சர்வர் எத்தனை வருஷம் ஓடும்? அஞ்சு வருஷம் ஆச்சுன்னா தூக்கிடணுமா?

வேண்டாம். ஐந்து வருடம் என்பது வாரண்டிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உரிய எண். நல்ல கரண்டும் சுத்தமான காற்றும் கிடைத்தால் மதர்போர்டும் பிராசசரும் பத்து வருடம் தாண்டியும் உழைக்கும். முதலில் போவது தேயும் பாகங்கள்தான்: ஃபேன், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கார்டு) பேட்டரி, சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரி), ஹீட்சிங்க் பேஸ்ட். எல்லாமே மாற்றக்கூடியவை. எப்போது ஓய்வு கொடுப்பது என்பதற்கு வயதைவிட நல்ல அளவுகோல்கள் உண்டு. அவை கேள்வி 11-இல்.

2. ஊட்டி குளிருக்கு ஏசி எதுக்கு? இயற்கையே ஏசிதானே?

ஏசி தேவைப்படாது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் குளிர் ஒரு பாதி, காற்றின் கனம் மறுபாதி. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவு, எடுத்துச் செல்லும் சூடும் குறைவு.

சர்வர் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பு) ஏ2 வகுப்பில் உள்ளே போகும் காற்றின் உச்ச வெப்பம் 35 டிகிரி. 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதில் 1 டிகிரி கழிக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஊட்டியில் 30 டிகிரி சொச்சம், குன்னூரிலும் கோத்தகிரியிலும் சுமார் 32. ஊட்டியில் அறை வெப்பம் தானாக அங்கே போகாது. ஆனால் கதவடைத்த சிறிய ஸ்டோர் ரூமில் மூன்று சர்வர் ஓடினால் போய்விடும். சுவர் வெப்பமானியை நம்பாதீர்கள். சர்வரைக் கண்காணிக்க அதிலேயே உள்ள தனிச் சிப்பின் (மேலாண்மைக் கன்ட்ரோலர்) பக்கத்தில் ‘இன்லெட்’, அதாவது உள்ளே போகும் காற்றின் வெப்பம் என்று காட்டும், அதுதான் கணக்கு.

கீழ் எல்லையும் இருக்கிறது. அதே ஏ2 வகுப்பில் 10 டிகிரிக்குக் கீழே ஓட்டக் கூடாது. தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலைகளில் சூடேற்றாத அறை அதற்கும் கீழே இறங்கும்.

3. சன்னலைத் திறந்து வெச்சிருக்கோம். மழைக்காலத்துல மூடுபனி நேரா உள்ள வருது. சர்வர் நனைஞ்சிடாதா?

ஓடுகிற சர்வருக்குப் பயந்த அளவு ஆபத்து இல்லை. வெளியே 12 டிகிரியில் 100 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, அறைக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால் ஒப்பு ஈரப்பதம் 53 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சர்வர் தன் சூட்டாலேயே தன்னைச் சுற்றி உலர்த்திக்கொள்கிறது. ஏ2 வகுப்பில் 80 சதவீதம் வரை அனுமதி உண்டு.

ஆனாலும் மூடுபனியில் இருப்பது ஆவி அல்ல, நீர்த்துளி. சூடாகும் முன்பே ரேக்கின் முன்பக்கம் பட்டால் நனைக்கும். அதனால் திறந்த சன்னல் ரேக்குக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. கொசுவலைக்குப் பின்னால் கழுவக்கூடிய ஃபில்டர் பஞ்சு வைத்து, சூடான காற்று வெளியேற எதிர்ச்சுவரில் மேலே ஒரு எக்சாஸ்ட் போடுங்கள். அறையைச் சூடாக்கக் கணப்பு அடுப்போ கரிச்சட்டியோ வேண்டவே வேண்டாம். புகைக்கரி ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட்சிங்க் இடுக்கில் பிசுபிசுவென்று படியும், ஈரத்தோடு சேர்ந்து கான்டாக்டுகளை அரிக்கும்.

4. வேலை இல்லாதப்ப ஆஃப் பண்ணி வெச்சா ஆயுசு கூடும்னு சொல்றாங்களே?

சமவெளியில் ஏசி அறையில் இருந்தால் விவாதிக்கலாம். மலையில் இதுதான் பழைய சர்வர்களைக் கொல்லும் பழக்கம். மேலே பார்த்த தற்காப்புச் சூடு நின்றுவிடுகிறது. ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி வர, அறை மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இரவில் உலோகம் குளிர்ந்து, காலையில் ஈரக்காற்று பட்டதும் அதன்மேல் வியர்க்கும். ராம் ஸ்லாட்டிலும் கேபிள் முனையிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஃபேன் கிரீஸ் இறுகும். பிளக்கைப் பிடுங்கி வைத்தால் சிமாஸ் பேட்டரியும் சீக்கிரம் தீரும். பிளக் இருந்தால் ஸ்டாண்ட்பை கரண்டில் கடிகாரம் ஓடி, பேட்டரி மிஞ்சும்.

ஆகவே ஓட்டுங்கள், இல்லையென்றால் ஓய்வு கொடுங்கள். ‘இருக்கட்டும், எப்பவாவது உதவும்’ என்று மூலையில் வைப்பதுதான் கெடுதல். ஐந்து சர்வரில் பாதி வேலைதான் இருக்கிறது என்றால் விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) மூன்றில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் முறையாகக் கழற்றுங்கள். கட்டாயம் அணைத்து வைக்க வேண்டிய ஒன்று இருந்தால் பிளக் இணைப்பில் இருக்கட்டும், மாதம் ஒரு முறை நாலைந்து மணி நேரம் ஓடட்டும். ஆறு மாதம் யாரும் கேட்காத இயந்திரத்தை இனியும் யாரும் கேட்கப் போவதில்லை.

5. ஜனவரில காலைல ஆன் பண்ணா டிஸ்க் தெரியல. ரெண்டாவது தடவை ஆன் பண்ணா தெரியுது. தேதியும் தப்பா காட்டுது.

இரண்டு தனித்தனிக் கோளாறு. குளிரில் ஹார்ட் டிஸ்க் பேரிங்கின் எண்ணெய் தடித்துவிடும், பழைய மோட்டார் குறித்த நேரத்துக்குள் வேகம் எடுக்காது, கன்ட்ரோலர் டிஸ்க் இல்லை என்று முடிவு செய்துவிடும். ஆன்-ஆஃப் செய்துகொண்டே இருக்காதீர்கள். எண்ணெய் ஹீட்டர் போட்டு அறையை 15 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். வந்தவுடன் முதல் வேலை பேக்கப். அடுத்து ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பட்டியல்) 10-ஆம் எண்ணைப் பாருங்கள். அது வேகம் எடுக்க மறுமுயற்சி செய்த எண்ணிக்கை. பூஜ்யம் இல்லையென்றால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

தேதி தவறுவது சிமாஸ் பேட்டரி. பெரும்பாலும் சிஆர் 2032. மல்டிமீட்டரில் புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். தவறான தேதியோடு பூட் ஆன சர்வரில் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று டெஸ்ட்டுகள் விழும். காரணம் புரியாமல் மென்பொருளில் தேடி நாளைக் கழிப்பார்கள்.

6. மாசா மாசம் என்னதான் பார்க்கணும்?

திறக்காமலே பார்க்க வேண்டியவை முதலில். மேலாண்மைக் கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவில் பவர் சப்ளை, ஃபேன், மெமரி வரிகள். ஒரே ஸ்லாட்டில் ‘திருத்தப்பட்ட இசிசி பிழை’ (சர்வர் தானே கண்டு சரிசெய்த மெமரி பிழை) வாரந்தோறும் வந்தால் அந்த ராமைக் கழற்றிப் பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போடுங்கள். பிழை ராமோடு போனால் ராம் கெட்டது, ஸ்லாட்டிலேயே நின்றால் கான்டாக்ட் அழுக்கு அல்லது போர்டு. சாட்டா டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய ஸ்மார்ட் எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது கேபிள் அல்லது பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை). சாஸ் (சர்வர்களுக்கே உரிய இன்னொரு இணைப்பு வகை) டிஸ்க்கில் இந்த எண்கள் இருக்காது, ‘வளர்ந்த குறைகளின் பட்டியல்’ என்ற ஒரே எண்ணிக்கையைப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்யலாம். தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய லேப் என்றால் மாதம் ஒரு முறை. தேயிலை நார்த்தூசு மிக லேசானது, ஈரத்தை இழுத்து அடையாக ஒட்டிக்கொள்ளும். பவர் கார்டுகளை எல்லாம் கழற்றி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, சில நிமிடம் பொறுத்துத் திறங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். ராம் கான்டாக்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நார் உதிராத துணியால் துடையுங்கள். அழிரப்பர் போட்டுத் தேய்ப்பது தங்கப் பூச்சைத் தேய்க்கும். நீலகிரித் தைலம் பழைய ஸ்டிக்கர் பசையை அழகாக எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உலோக மூடியோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். கபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ஸ்டாட்டிக் அதிகம், மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் கை வைக்காதீர்கள்.

7. மரம் விழுந்து கரண்ட் போயிடுது. யுபிஎஸ் பத்து நிமிஷம்கூடத் தாங்கல. பெரிய யுபிஎஸ் வாங்கணுமா?

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். மூடிய லெட்-ஆசிட் பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து வருடம்தான் ஆயுள். குளிரும் சேரும்: 10 டிகிரியில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். சார்ஜில் இருக்கும்போது ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியும் 13.5 முதல் 13.8 காட்ட வேண்டும். லோடு கொடுத்த ஓரிரு நிமிடத்தில் ஏதாவது ஒன்று 10.5-க்கு விழுந்தால் அது போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், தொடரில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதோடு இணைத்த புதியது விரைவில் பழையதாகிவிடும்.

யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை ஒழுங்காக அணைக்க நேரம் தருவது மட்டுமே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது போன்ற மழையில் எந்த யுபிஎஸ்ஸும் போதாது. யுஎஸ்பி கேபிள் இணைத்து, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ‘நட்’ மென்பொருளைப் போட்டு, பேட்டரி பாதிக்கு இறங்கியதும் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமையுங்கள். அதைவிட முக்கியமானது கரண்ட் திரும்பும் நேரம். லைனைச் சரிசெய்யும்போது வந்து வந்து போகும். பயாஸில் ‘கரண்ட் வந்ததும் ஆன்’ என்பதை நிறுத்துங்கள், அல்லது சில நிமிடத் தாமதம் வையுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் சர்வர் பவர் சப்ளையை ஓட்டாதீர்கள், ப்யூர் சைன் வேண்டும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

8. மாத்து பவர் சப்ளைல மலைப் படம் போட்டு 2000 மீட்டர்னு இருக்கு. அது என்ன?

அந்த உயரம் வரைதான் அதன் மின்காப்பு இடைவெளிகள் கணக்கிடப்பட்டுள்ளன என்று பொருள். காற்று லேசானால் அதே வோல்ட்டேஜ் கூடுதல் தூரம் தாவும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் 2,000 மீட்டருக்குக் கீழே, கவலை இல்லை. ஊட்டி மேலே. முறையான சர்வர் பவர் சப்ளைகள் பெரும்பாலும் 3,000 மீட்டருக்கோ அதற்கு மேலுமோ அளவிடப்பட்டவை. மலிவான மாற்று எஸ்எம்பிஎஸ், ஸ்விட்ச் அடாப்டர்களில்தான் இந்தக் குறி அதிகம். ஊட்டியில் அவற்றைத் தவிருங்கள். போட்டவுடன் வெடிக்காது. பாதுகாப்பு விளிம்பு குறைந்திருக்கும்போது இடி மின்னல் நேர மின்னெழுச்சி வந்தால் அதுதான் முதலில் போகும்.

9. ஸ்பேர் பார்ட்ஸ் செகண்ட்ஸ்ல வாங்கலாமா?

ராம், பிராசசர், நெட்வொர்க் கார்டு, ரயில், டிஸ்க் ட்ரே வாங்கலாம். டிஸ்க், பேட்டரி, ஃபேன் வேண்டாம். பவர் சப்ளை என்றால் பார்ட் நம்பர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். ராமில் ஆர்டிம், யுடிம் என்ற இரண்டு வகைகளையும் கலந்தால் பூட் ஆகாது. அதே மாடலில் ஒரு முழு சர்வர் கிடைத்தால் வாங்கிப் பாகங்களாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முழுதாக வைத்தால் கேள்வி 4-இல் சொன்ன கதிதான்.

10. புது லினக்ஸ் ஏறவே மாட்டேங்குது. பழசுக்கு அப்டேட்டும் வரல. என்ன பண்றது?

பிராசசரின் தலைமுறையைப் பாருங்கள். ரெட்ஹாட் 9-க்கு எக்ஸ்86-64-வி2 (பிராசசரின் கட்டளைத் தொகுப்பின் ஒரு நிலை) வேண்டும், ரெட்ஹாட் 10-க்கு வி3 நிலை. வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இருக்க வேண்டும். இன்டெல்லின் ஜியான் இ5 பிராசசர் வரிசையில் அது மூன்றாம் தலைமுறையான ‘இ5 வி3’-இல்தான் வந்தது. முதல் இரண்டு தலைமுறைகளில் ரெட்ஹாட் 10 ஏறாது, டெபியன் ஏறும். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது.

பழைய பதிப்பில் சோதிப்பதே உங்கள் வேலை என்றால் அதை விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, ஆதரவுள்ள ஹைப்பர்வைசரின் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) மேல், இணையம் இல்லாத தனி விலேனில் (ஸ்விட்ச்சில் பிரித்த தனி வலைப்பகுதி) வையுங்கள். ஐடிராக் (டெல்), ஐஎல்ஓ (ஹெச்பி) போன்ற மேலாண்மைக் கன்ட்ரோலர்களும் அதே போலத் தனி விலேனில் இருக்க வேண்டும். இந்தக் கன்ட்ரோலர்கள் பேசும் ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையே கடவுச்சொல்லின் ஹாஷை (உடைத்துப் பார்க்கக்கூடிய மறைவடிவம்) கேட்பவருக்குக் கொடுத்துவிடும். அது வடிவமைப்பிலேயே உள்ள ஓட்டை, அப்டேட் போட்டு அடைக்க முடியாது.

11. அப்ப எப்பதான் ஓய்வு கொடுக்கறது?

ஸ்பேர் கிடைக்கவில்லை, தேவையான ஓஎஸ் ஏறவில்லை, ஃபர்ம்வேர் நின்றுவிட்டது, மின்செலவு மிஞ்சுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் நேரம் வந்துவிட்டது. மின்செலவைக் கற்பனையில் போடாதீர்கள், வாட் மீட்டரை மாட்டுங்கள். சும்மா இருக்கும்போது 180 வாட் காட்டினால் வருடத்துக்குச் சுமார் 1,577 யூனிட். அதே வேலையை 30 வாட் சிறு இயந்திரம் செய்தால் 263 யூனிட். வித்தியாசத்தை உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்கினால், புதியது எத்தனை வருடத்தில் தன் விலையை ஈட்டும் என்று தெரியும். சர்வர் அறையைச் சூடாக்குகிறது என்பது ஊட்டியில் ஓரளவு நியாயமான வாதம். ஆனால் ஹீட்டரை வேண்டும்போது அணைக்கலாம்.

12. முடிவாயிடுச்சு. எதுல ஆரம்பிக்கணும்?

அதில் என்ன ஓடுகிறது என்பதில். பழைய சர்வரில் யாருக்கும் நினைவில்லாத ஒரு டிஎன்எஸ், டிஹெச்சிபி, லைசென்ஸ் சர்வர், நள்ளிரவில் தானாக ஓடும் கிரான் வேலை நிச்சயம் இருக்கும். இரண்டு வாரம் யார் யார் இணைகிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். பிறகு பவரை அணைக்காமல் ஸ்விட்ச்சில் அதன் போர்ட்டை மட்டும் மூடுங்கள். ஒரு மாதக் கடைசியும் ஒரு பரீட்சை அல்லது ரிலீஸும் கடக்கும்வரை அப்படியே இருக்கட்டும். யாராவது அலறினால் ஒரு நொடியில் திறந்துவிடலாம். பவரை அணைத்துவிட்டால் பழைய டிஸ்க் திரும்ப எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை (கேள்வி 5).

அமைதியாகக் கடந்தால் கடைசி பேக்கப் எடுத்து, வேறு இயந்திரத்தில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று எண்ணாதீர்கள். மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் நிலையான எண்) கட்டப்பட்ட லைசென்ஸ்களை மாற்றி வாங்குங்கள். டிஎன்எஸ் பதிவு, மானிட்டரிங், மற்ற சர்வர்களில் கிடக்கும் இதன் எஸ்எஸ்ஹெச் சாவிகள் (கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவுபவை) எல்லாவற்றையும் நீக்குங்கள்.

13. டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிட்டேன். போதும்ல?

போதாது. ஃபார்மேட் என்பது அட்டவணையை மட்டும் அழிக்கிறது. சுழலும் டிஸ்க்குக்கு முழுவதும் ஒரு முறை மேலெழுதினால் போதும், ஏழு முறை என்பது பழைய காலத்து அச்சம். 4 டிபி டிஸ்க், நொடிக்கு 130 எம்பி வேகத்தில் சுமார் எட்டரை மணி நேரம் எடுக்கும். ரெய்டு வால்யூமை அழித்தால் ஹாட் ஸ்பேர் (மாற்றாகக் காத்திருக்கும் டிஸ்க்) தப்பிவிடும், அதனால் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாக அழியுங்கள்.

எஸ்எஸ்டியில் மேலெழுதுவது வேலைக்காகாது. கணினிக்குத் தெரியாத உபரி இடத்தில் பழைய தரவு தங்கும். சாட்டா என்றால் செக்யூர் எரேஸ், என்விஎம்இ என்றால் சானிடைஸ் கட்டளை. ‘உறைந்த நிலை’ என்று மறுத்தால் கணினியை ஒரு முறை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விடும். உயிரற்ற டிஸ்க்கைத் துளையிடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பலவற்றில் கண்ணாடி, தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு மெமரி சிப்பும் உடைய வேண்டும். மதர்போர்டுக்குள் இருக்கும் எஸ்டி கார்டு, யுஎஸ்பி குச்சியை மறப்பவர்கள் அதிகம். ஹைப்பர்வைசரின் கடவுச்சொற்கள் அங்கேதான் இருக்கும். மேலாண்மைக் கன்ட்ரோலரையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள்.

14. காயலான் கடைல கிலோ கணக்குல போட்டுடலாமா? இல்ல பக்கத்து ஸ்கூலுக்குக் கொடுத்துடலாமா?

காயலான் கடை வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ ஒப்படைக்கச் சொல்கின்றன. பதிவு இருக்கிறதா என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் சரிபாருங்கள். கேபிளை எரித்துச் செம்பு எடுத்தால் அந்தப் புகையும் சாம்பலும் நம் ஓடைகளில்தான் இறங்கும், அங்கிருந்து பவானிக்கும் மாயாற்றுக்கும். யுபிஎஸ் பேட்டரிகளுக்கு விதிகள் தனி, விற்ற கடையிலேயே மாற்றிக் கொடுங்கள். சிமாஸ் பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டிப் போடுங்கள். ஒரு லேபின் கழிவுக்கு வண்டி வராது என்றால் இரண்டு மூன்று லேப் சேர்ந்து ஒரே லோடாக அனுப்பலாம்.

பள்ளிக்கு ரேக் சர்வர் உபகாரம் அல்ல. வகுப்பறையில் பேச முடியாத சத்தம், மேலே கணக்கிட்ட கரண்ட் பில், சீக்கிரமே ஒரு கழிவுச் சுமை. அவர்களுக்குப் பயன்படுவது டெஸ்க்டாப்பும் மானிட்டரும்.

15. கோயம்புத்தூருக்கு இறக்கி அனுப்பறப்ப எதாவது கவனிக்கணுமா? அங்க ஒருத்தர் அதை ஓட்டப் போறார்.

டிஸ்க்குகளைக் கழற்றித் தனியாக ஆன்டிஸ்டாட்டிக் உறையில், எந்த ட்ரே எந்த ஸ்லாட் என்று எண் எழுதி வையுங்கள். 2யு (ரேக்கில் இரண்டு அலகு உயரம் பிடிக்கும்) சர்வர் 20 முதல் 30 கிலோ வரும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் சாயாதபடி படுக்கையாக, அடியில் கனமான நுரைப்பஞ்சோடு.

குளிர்ந்த உலோகம் கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்தின் புழுக்கத்தில் திறக்கப்பட்டால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். பெட்டியைப் பிரிக்காமல் ஓர் இரவு அங்கேயே வைத்து, மறுநாள் திறந்து, ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். அனுப்பும் முன் சீரியல் நம்பர், டிஸ்க்குகளின் சீரியல் நம்பர், அழித்த முறை, தேதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். தணிக்கையில் கேட்கப்படுவது அந்த வரிதான்.